வாய்க்கால் யாருடையது? மதுரை மாநகராட்சி கோட்டையிடம் கேட்க வேண்டியவை

2025 மே மாதக் கடைசியில் முதல்வர் ஸ்டாலின் மதுரைக்கு வந்தபோது, அவர் போகும் வழியில் இருந்த பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்கள். அந்தப் படம் எல்லோர் போனிலும் சுற்றியது, விஷயம் தெரிந்து முதல்வரே வாய்க்காலைப் போய்ப் பார்த்தார், ரெண்டு நாள் கிண்டல் ஓடியது, அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டோம். துணி கட்டச் சொன்னது யார் என்று கேட்டவர்கள் அதிகம். வாய்க்கால் யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

பந்தல்குடி வாய்க்கால் நகரத்தின் வடக்கே இருந்த கண்மாய்களின் உபரி நீரை நரிமேடு, செல்லூர் வழியாக வைகையில் சேர்ப்பதற்காக இருந்தது. வருவாய்க் கணக்கில் அது நீர்நிலை, நீர்வளத்துறையின் பொறுப்பு. அதில் இன்று ஓடுவது சாக்கடை, அது மாநகராட்சியின் பொறுப்பு. கரையை ஒட்டிய ஆக்கிரமிப்பை அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த்துறை. தண்ணீரின் தரத்தைச் சோதிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மழை பெய்து செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் ஏச்சு வாங்குவது வார்டு கவுன்சிலர், இவ்வளவு பேரில் இந்த வாய்க்கால் விஷயத்தில் எந்த முடிவும் எடுக்க முடியாதவர் அவர்தான். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், ஆலங்குளம் பக்கமெல்லாம் மூழ்கியபோது நடந்ததும் அதேதான். வாய்க்காலைத் தூர்வாரினார்கள், நிதி அறிவித்தார்கள், கான்கிரீட் வாய்க்கால் கட்டும் வேலையும் வந்தது. யாருடைய வாய்க்கால் என்பது மட்டும் முன்பிருந்த மாதிரியே இருக்கிறது.

மாநிலத்தின் சுற்றுச்சூழல் கொள்கையும் நீர்க் கொள்கையும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நகரம் தன் பங்குக்கு என்ன கேட்க வேண்டும் என்று யோசித்தால், மதுரையில் இருக்கும் எனக்கு விடை இந்த வாய்க்காலில்தான் தொடங்குகிறது. நம் மாநகராட்சி எப்போதும் கேட்பது திட்டம். பாலம், பூங்கா, குழாய், கூட்டுக் குடிநீர்த் திட்டம், சுத்திகரிப்பு நிலையம். அதிகாரத்தைக் கேட்ட மாதிரி நினைவில்லை. கேட்காததற்குக் காரணமும் புரிகிறது. திட்டம் என்றால் அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டில் பெயர். அதிகாரம் என்றால் கூடவே பழியும் வரும்.

கேட்பதற்கு வழி என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1992-ல் வந்த 74-வது அரசமைப்புத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளை நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று பட்டியல் போட்டது. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, நகர்ப்புறச் சுற்றுச்சூழல் எல்லாம் அதில் உண்டு. கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எதை, எவ்வளவு என்று மாநிலம் முடிவு செய்யும். மதுரைக்கென்று 1971-ல் இயற்றிய தனி மாநகராட்சிச் சட்டம் போய், 2023-லிருந்து எல்லா நகரங்களுக்கும் ஒரே சட்டமாக தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், கமிஷனரை மாநில அரசு அனுப்புகிறது. மாமன்றம் தீர்மானம் போட்டால் அது கமிஷனர் வழியாக நகராட்சி நிர்வாகத் துறைக்குப் போய், அங்கிருந்து கோட்டையில், அதாவது சென்னைத் தலைமைச் செயலகத்தில், ஒரு கோப்பாகிறது. அந்தக் கோப்பு நீர்வளத்துறையோடு சம்பந்தப்பட்டது என்றால் இன்னொரு துறைக்கு, இன்னொரு அமைச்சருக்குப் போக வேண்டும். நீர்வளத்துறை 2021-ல் பொதுப்பணித்துறையிலிருந்து பிரிந்து தனித் துறையானது. பெயர்ப் பலகை மாறியதைத் தவிர நகரத்துக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

சரி, குடிநீருக்கு வருவோம்.

முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் மதுரைக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 19.2 கோடி லிட்டர். அதில் 11.5 கோடி லிட்டர் வைகை அணையிலிருந்து, சுமார் 3 கோடி காவிரிக் கூட்டுக் குடிநீரிலிருந்து, மீதி ஆற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து. 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக, சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது. பரப்பு ஒரே நாளில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆனது, குழாய் ஆகவில்லை. புறநகர் வார்டுகளில் குடத்தோடு தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவர்களும் தனியார் வண்டியில் விலைக்கு வாங்கியவர்களும் அந்த விரிவாக்கத்துக்குக் கொடுத்த விலை அது. அதற்குத்தான் நகரங்களுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டத்தில் சுமார் 1,296 கோடி ரூபாயில், தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து மதுரைக்குக் கொண்டுவருவது என்று முடிவானது.

இதில் நாம் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தேக்கடிச் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு வரும் தண்ணீர் இதற்கு முன்னாலும் எங்கேயோ வீணாகப் போய்க்கொண்டிருக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகை அணைக்கு வந்தது, அங்கிருந்து நமக்கும் வந்தது. அதையே இப்போது கொஞ்சம் மேலே போய்க் குழாயில் எடுக்கிறோம். ஆற்றில் வரும்போது ஏற்படும் இழப்பும் கலப்படமும் குறையும், நிச்சயமான வரத்து இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் இது புதுத் தண்ணீர் அல்ல. கூடலூர், கம்பம் விவசாயிகள் இந்தத் திட்டத்தை எதிர்த்ததை நம் ஊரில் பலர் பொறாமை மாதிரிப் பேசினார்கள். அவர்கள் கேட்டது, வைகை அணையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் குடிநீர் வடிகால் வாரிய அதிகாரிகள் இருந்தார்கள், போலீஸ் இருந்தது, மதுரை மாநகராட்சி இல்லை. தண்ணீர் யாருக்கு வருகிறதோ அவர்கள் பேச்சுவார்த்தையிலேயே இல்லை.

கீழேயும் இதே கதைதான். வைகையின் பூர்வீகப் பாசனத் தண்ணீரை ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மூன்றுக்கும் 7:3:2 என்று பங்கு பிரித்துத் திறப்பது வழக்கம். அதிகப் பங்கு கடைமடைக்கு. அணை திறக்கும் தேதியும் அளவும் ஒவ்வொரு வருஷமும் அரசாணை, ஆட்சியர், நீர்வளத்துறைப் பொறியாளர், விவசாயச் சங்கங்கள் என்று ஒரு பெரிய இழுபறியில் முடிவாகிறது. பாசனத்துக்குச் சங்கங்கள் இருக்கின்றன, பழைய வழக்கம் இருக்கிறது, ஏக்கர் கணக்கு இருக்கிறது. நகரத்துக்கு என்ன இருக்கிறது? 1987-லிருந்து தேசிய நீர்க் கொள்கை குடிநீருக்கே முதலிடம் என்று சொல்கிறது, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். முதலிடம் இருப்பவருக்குக் கணக்குக் காட்டும் கடமையும் இருக்கிறது அல்லவா? எடுத்த தண்ணீரில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, வழியில் கசிந்தது எவ்வளவு, எந்த ஜோனுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை விடுகிறார்கள் என்பதைத் தேனிக்காரருக்கும் பரமக்குடிக்காரருக்கும் தெரிகிற மாதிரி மாதாமாதம் வெளியிட்டால்தான் இன்னும் வேண்டும் என்று கேட்கும் வாய் நமக்கு இருக்கும். 2017-ல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் விட்ட கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். தண்ணீர் வீணாகிறதே என்ற கவலையாவது அதில் இருந்தது. பூமிக்கடியில் உடைந்த குழாயைப் பற்றி அந்த அளவுக்குக்கூட யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே என் கணக்கில் மதுரை கோட்டையிடம் முதலில் கேட்க வேண்டியது, வைகைப் படுகை முழுவதற்கும் சேர்த்து ஒரு நிரந்தர அமைப்பு. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் நான்கு மாவட்ட விவசாயிகளும், நகராட்சிகளும், மாநகராட்சியும் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அணை நீர்மட்டத்தைப் பொறுத்து எந்த நிலையில் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற மாதிரி. வைகை அணை 71 அடி. அதில் எத்தனை அடிக்குக் கீழே போனால் நகரத்தில் என்ன கட்டுப்பாடு வரும் என்பது வறட்சி வந்த பிறகு அவசரக் கூட்டத்தில் முடிவாகக் கூடாது. சென்னைக்கு 1978-லேயே தனியாக மெட்ரோ வாட்டர் வாரியம் வந்துவிட்டது. மற்ற ஊர்களுக்கெல்லாம் 1971-ல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியம்தான்; அது திட்டம் போட்டுக் கட்டிக் கொடுக்கும், பராமரிப்பும் கரண்ட் பில்லும் பெரும்பாலும் நம் தலையில். மதுரைக்கும் ஒரு மெட்ரோ வாட்டர் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஏற்கனவே அஞ்சு துறை இருக்கும் இடத்தில் ஆறாவதாக ஒன்று வந்தால் கடிதப் போக்குவரத்துதான் கூடும்.

கண்மாய்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். பொதுவான விதி இது: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு. வயல் இருந்த காலத்து விதி. மாடக்குளம், வண்டியூர் மாதிரிக் கண்மாய்களைச் சுற்றி இன்று வயலை விட வீடுகள்தான் அதிகம். கண்மாய் நகரத்துக்குள் வந்துவிட்டது, நிர்வாகம் இன்னும் ஆயக்கட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. பாசனம் இல்லாத கண்மாயைத் தூர்வார நீர்வளத்துறைக்கு என்ன அவசரம்? ஆனால் அந்தக் கண்மாய் நிறைந்தால்தான் சுற்றியுள்ள தெருக்களின் போரில் தண்ணீர் நிற்கும், உபரி நீர் வெளியேறும் மறுகால் அடைபட்டால் அதே தெருக்கள்தான் மிதக்கும். ஆதாயமும் ஆபத்தும் நகரத்துக்கு, சாவி வேறு இடத்தில்.

ஆகவே மாநகராட்சி அழகுபடுத்துகிறது. வண்டியூர் கண்மாயில் சுமார் 50 கோடி ரூபாயில் நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்குகள் என்று வேலை நடந்தது. வாடகை வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுகிற மாதிரி இது. நடக்க இடம் வேண்டும்தான், நானும் நடக்கிறேன், குறை சொல்லவில்லை. வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மடையிலிருந்து சாக்கடை கலக்கிறது என்பதைச் சரிசெய்வதற்குப் போன பணம் இதில் எவ்வளவு என்றுதான் கேட்கிறேன். தெப்பக்குளத்தைப் பாருங்கள். பல வருஷம் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது, பனையூர் கால்வாயைச் சீர்செய்து வைகைத் தண்ணீரை உள்ளே விட்ட பிறகு நிறைந்து நிற்கிறது. தெப்பக்குளத்தைத் திரும்பத் தெப்பக்குளமாக்கியது அந்தக் கால்வாய்தான்.

அரசாங்கமே கண்மாய்க்குள் உட்கார்ந்திருப்பது தனிக் கதை. உயர் நீதிமன்றக் கிளை 2004-ல் திறக்கப்பட்ட இடம் உலகனேரிக் கண்மாய். மாநகராட்சியின் அண்ணா மாளிகை தல்லாகுளத்தில், பெயரிலேயே குளம் இருக்கிறது. 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது, அதன்படி குடிசைக்காரருக்கு நோட்டீஸ் போகிறது. போகட்டும், நீர்வழியில் இருப்பவர்களுக்கும் அங்கே இருப்பது ஆபத்துதான். ஆனால் இனி எந்த அரசுக் கட்டடமும் நீர்நிலைப் புறம்போக்கில் வராது என்று மாநிலம் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டால் அதற்குப் பத்து பைசா செலவில்லை.

அப்புறம் சாக்கடை. இதில் மதுரை கேட்கிற பக்கத்தை விடக் குற்றவாளிக் கூண்டுப் பக்கம்தான் அதிகம் நிற்க வேண்டியிருக்கும். அவனியாபுரத்தில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர், சக்கிமங்கலத்தில் சுமார் 4.6 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் பல வருஷமாக இருக்கின்றன. அப்படியும் வைகையில் ஏன் சாக்கடை ஓடுகிறது, கிருதுமால் நதி ஏன் நதி என்று சொன்னால் யாரும் நம்பாத நிலையில் இருக்கிறது? நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கழிவுநீர் சேராததால்தான். புதிதாகச் சேர்ந்த வார்டுகளில் பாதாளச் சாக்கடை தாமதமாக வந்தது, பழைய வார்டுகளில் குழாய் அந்தக் காலத்து அளவு, நீரேற்று நிலையத்தில் மோட்டார் நின்றால் பக்கத்து வாய்க்காலில் திறந்து விடுவதுதான் வழி. 2022-ல் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் வேலைக்கு இறங்கிய மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவைச் சொல்லும் அறிக்கைகளில் இந்த நடுவழி இருக்காது.

ஆறு மதுரையோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விரகனூர் தாண்டி திருப்புவனம், மானாமதுரை, பார்த்திபனூர், ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் போகிற தண்ணீர் அது. இதில் ஒரு வேடிக்கை, மணலூர், திருப்புவனம் பக்கத்துப் படுகைக் கிணறுகளிலிருந்து மதுரைக்குக் குடிநீர் வருகிறது. அதாவது நாம் மேலே விட்டதைக் கீழே போய் மணலில் வடிகட்டித் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். கீழே இருக்கிறவர்களுக்காக இல்லாவிட்டாலும் நமக்காகவாவது கொஞ்சம் கூச்சம் இருக்கலாம்.

இந்த இடத்தில் மாநிலக் கொள்கை உண்மையிலேயே கைகொடுக்க முடியும். சுத்திகரித்த நீரை மறுபடி பயன்படுத்த 2019-ல் தமிழ்நாடு ஒரு கொள்கை கொண்டுவந்தது. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் தலா 4.5 கோடி லிட்டர் அளவுக்குத் தொழிற்சாலைத் தரத்தில் நீர் தயாரித்து விற்கிறார்கள். மதுரைக்கு அதை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. அங்கே மணலியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாங்குவதற்குத் தொழிற்சாலை இருக்கிறது, இங்கே அந்த அளவுக்கு யார் இருக்கிறார்கள்? நமக்குப் பொருந்துவது பாசனம். அவனியாபுரத்துக்குத் தெற்கே வானம் பார்த்த கண்மாய்கள் எத்தனையோ கிடக்கின்றன. ஒழுங்காகச் சுத்திகரித்த நீர் தரச் சோதனையோடு அவற்றுக்குப் போனால் வைகையில் அவ்வளவு பங்கை விவசாயி நமக்கு விட்டுக்கொடுக்கப் பேச்சாவது நடத்தலாம். மேலே குடிநீர் எடு, கீழே பாசனத்துக்குத் திருப்பிக் கொடு என்று மாநிலம் ஒரு விதியாகவே எழுதலாம். எழுதினால் மதுரைக்குத்தான் முதலில் வலிக்கும், ஏனென்றால் திருப்பிக் கொடுக்கிற தரத்தில் இன்று நம்மிடம் தண்ணீர் இல்லை. வலித்தாலும் கேட்க வேண்டிய விதி.

குப்பை பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2025 ஜூலையில் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரை நாற்பதாவது. அதற்குக் கோட்டையைக் குறை சொல்ல முடியாது, தரம் பிரித்து வாங்கும் அதிகாரம் முழுக்க மாநகராட்சியிடமே இருக்கிறது. 2019-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத் தடை இருக்கிறது, ஆனால் பை தயாரிக்கும் இடத்தில் பிடிக்காமல் மாட்டுத்தாவணியில் கீரை விற்கும் அக்காவிடம் அபராதம் வாங்கினால் வாய்க்கால் அடைப்பு எப்படி நிற்கும் என்பது மட்டும் மாநிலத்திடம் கேட்க வேண்டிய கேள்வி.

பணம்? கேட்பதற்கு முன் தன் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். சொத்து வரியைக் குறைத்துப் போட்ட முறைகேடு 2025-ல் கைது, ராஜினாமா என்று போனதை ஊரே பார்த்தது. சொந்த வருமானத்தில் ஓட்டை வைத்துக்கொண்டு கோட்டையில் போய் நிதி கேட்டால் அங்கே மரியாதை எப்படிக் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் நடக்கிற கதையா என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்வேன். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். 2024 நவம்பரில் அதையும் சேர்த்து 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது தெரிந்ததும், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரைக்கும் ஜனங்கள் நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. தங்கள் கண்மாய், தங்கள் மலை, தங்கள் சபை என்று பிடித்துக்கொள்ள அந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று இருந்தது.

நகரத்திலும் அப்படி ஒன்று காகிதத்தில் இருக்கிறது. வார்டு கமிட்டியும், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவும் 2022-ல் விதியாக வந்தன, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. அங்கே பெரும்பாலும் எழுவது தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, நாய்த் தொல்லை. தப்பில்லை, அதுவும் வேண்டும். ஆனால் அடுத்த முறை செல்லூர், நரிமேடு, பீபிகுளம் வார்டுகளில் சபா கூடும்போது, பந்தல்குடி வாய்க்காலை முழு நீளத்துக்கும் அளந்து, அதன் பராமரிப்பையும் அதற்கான நிதியையும் மழைக்காலத்தில் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் மாநகராட்சியின் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு மாமன்றத்துக்கு அனுப்பலாம். மாமன்றம் அதை அப்படியே நிறைவேற்றி நகராட்சி நிர்வாகத் துறைக்கும் நீர்வளத்துறைக்கும் ஒரே நாளில் நகல் அனுப்ப வேண்டும். முடியாது என்று வந்தால் எந்தத் துறை, எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்று கையெழுத்தோடு நம்மிடம் ஒரு காகிதம் இருக்கும், அடுத்த மழைக்குக் கவுன்சிலரை ஏசுவதற்கு முன் அதை எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.